பணத்தை ஒப்படைக்கலாம்; கேள்வி கணக்கை ஒப்படைக்க முடியாது

கொங்கு நாட்டில் செல்வம் என்பது நெடுங்காலம் கண்ணால் காணக்கூடிய பொருளாகவே இருந்தது. தோட்டம், கிணறு, நூற்பாலை, விசைத்தறி, பனியன் கம்பெனி, வார்ப்பட ஆலை, அரிசி மண்டி என எதைச் சொன்னாலும் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். ஒருவர் எதில் சம்பாதித்தார் என்று கேட்டால் ஊரில் யாரும் பதில் சொல்லிவிடுவார்கள். இன்று நிலை வேறு. பல ஆலை வளாகங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புகளாகிவிட்டன. பாகப் பிரிவினை முடிந்து, இடத்தை விற்ற தொகை மூன்றாம் தலைமுறையின் வங்கிக் கணக்கில் கிடக்கிறது. கையில் பணம் உண்டு. அதைப் போட்டு நடத்தத் தெரிந்த தொழில் இல்லை. அந்த இடைவெளியில் வந்து அமர்ந்திருப்பவர்தான் செல்வ மேலாண்மை ஆலோசகர்.

சில மாதங்களுக்கு முன் கோவையில் ஒரு நிக்காஹ் விருந்தில் நம் ஜமாஅத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவரோடு அமர்ந்திருந்தோம். தந்தையார் விட்டுச்சென்ற கிடங்கை விற்று வந்த பணத்தில் ஒரு பெரும் பகுதியை ஓர் அலுவலகத்திடம் ஒப்படைத்திருப்பதாகச் சொன்னார். அது பதினொரு தொழில்நுட்ப நிறுவனங்களில் இருக்கிறது என்று சொன்னபோது அவர் குரலில் மகிழ்ச்சி தெரிந்தது. அந்த நிறுவனங்கள் எவை என்று கேட்டோம். மூன்றின் பெயர்தான் நினைவில் இருந்தது. மற்றவற்றை அவர் மகன் கைப்பேசியில் தேடி வாசித்தார். அவற்றுள் ஒன்று, மாதச் சம்பளக்காரர்களுக்குச் சம்பள நாளுக்கு முன் வட்டிக்குப் பணம் கொடுக்கும் செயலி. அந்தப் பெரியவர் தம் சேமிப்புக் கணக்கில் சேரும் வங்கி வட்டியை ஒரு ரூபாய்கூடத் தமக்கென்று எடுக்காமல், நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுபவர். அன்று அவர் விருந்தைச் சரியாகச் சாப்பிடவில்லை.

அவரைக் குறை கூற நாம் இதை எழுதவில்லை. வட்டியில் ஒரு ரூபாயைத் தொட அஞ்சும் மனிதர், அறியாமலேயே வட்டிக் கடையின் பங்காளி ஆகிவிடும்படி ஓர் ஏற்பாடு நம்மிடையே வந்திருக்கிறது. அது எப்படி இயங்குகிறது, அதில் எதை ஏற்கலாம், எதை ஏற்கலாகாது என்று பேசாமல் இருப்பது இனி சரியாகாது.

முதலில் அந்த ஏற்பாட்டைப் புரிந்துகொள்வோம். பெருஞ்செல்வர் ஒருவர் தம் குடும்பச் சொத்தை நிர்வகிக்கத் தனியே ஓர் அலுவலகம் வைத்துக்கொள்வது அமெரிக்காவில் ராக்ஃபெல்லர் காலத்திலிருந்தே உள்ள வழக்கம். அத்தகைய அலுவலகம் நடத்தக் கணக்கர், வழக்கறிஞர், முதலீட்டு வல்லுநர் எனப் பலர் வேண்டும். அவ்வளவு செலவைத் தாங்க முடியாத குடும்பங்கள் பல சேர்ந்து ஒரே அலுவலகத்தைப் பகிர்ந்துகொண்டால் அதுவே பல குடும்ப அலுவலகம். வணிக ஏடுகள் 'மல்டி ஃபேமிலி ஆபீஸ்' என்கின்றன. எஃகு வணிகத்தில் ஆண்ட்ரூ கார்னகியின் கூட்டாளியாக இருந்த ஹென்றி ஃபிப்ஸ் தம் குடும்பத்துக்காக 1907-ல் நிறுவிய பெசமர் டிரஸ்ட், 1974-ல் பிற குடும்பங்களுக்கும் கதவைத் திறந்தது. ராக்ஃபெல்லர் குடும்பம் 1969-ல் தொடங்கிய வென்ராக் என்னும் முதலீட்டு நிறுவனம் இன்டெல், ஆப்பிள் ஆகியவற்றில் தொடக்கக் காலத்திலேயே பணம் போட்டது. எண்ணெயில் சேர்ந்த செல்வம் கணினிக்குள் புகுந்த வழி அது.

நம் நாட்டில் இந்த வழக்கம் கடந்த இருபது ஆண்டுகளில்தான் வேர்விட்டது. கிளையண்ட் அசோசியேட்ஸ், வாட்டர்ஃபீல்ட் அட்வைசர்ஸ் போன்ற நிறுவனங்கள் பெருநகரங்களில் தோன்றின. அசீம் பிரேம்ஜி, நாராயண மூர்த்தி போன்றோர் தத்தம் குடும்பச் செல்வத்துக்குத் தனி அலுவலகங்களே அமைத்துக்கொண்டனர். பெருநகரங்களில் தொடங்கிய இந்தச் சேவையின் கண் இப்போது இரண்டாம் நிலை நகரங்களின் மீது விழுந்திருக்கிறது. கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் ஆகிய ஊர்களில் தொழில் செய்து ஈட்டிய பணம் எவ்வளவு இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாததன்று.

பணம் எந்த வழியாகப் போகிறது? பெரும்பாலும் நான்கு வழிகள். முதலாவது, செபி 2012-ல் விதிமுறை வகுத்த மாற்று முதலீட்டு நிதியங்கள். இவற்றில் ஒருவர் போட வேண்டிய குறைந்த அளவு பொதுவாக ஒரு கோடி ரூபாய். பணத்தை ஒரே தடவையில் வாங்குவதில்லை. உறுதியளித்த தொகையைத் தேவைக்கேற்பத் தவணை தவணையாகக் கேட்டு வாங்குவர். ஏழு முதல் பத்து ஆண்டுகள் வரை அது திரும்பாது. இரண்டாவது, அந்த நிதியங்களோடு சேர்ந்து ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தில் நேரடியாகப் பங்கு வாங்குதல். மூன்றாவது, பங்குச் சந்தைக்கு வரப்போகும் நிறுவனத்தின் பங்குகளைப் பழைய பங்குதாரர்களிடமிருந்து முன்கூட்டியே வாங்குதல். நான்காவது, புத்தொழில் நிறுவனங்களுக்கு வட்டிக்குக் கடன் கொடுக்கும் துணிகரக் கடன் நிதியங்கள்.

இந்த ஒவ்வொரு வழியிலும் சுங்கச்சாவடிகள் உண்டு. நிதியத்தை நடத்துபவர், வழக்கமான கணக்கில், ஆண்டுக்கு இரண்டு விழுக்காடு நிர்வாகக் கட்டணமும், குறிப்பிட்ட அளவுக்கு மேல் வரும் இலாபத்தில் இருபது விழுக்காடும் எடுத்துக்கொள்வார். அதற்கு மேல் குடும்ப அலுவலகத்தின் கட்டணம் தனி. ஒரே வாடிக்கையாளரிடம் ஆலோசனைக் கட்டணத்தையும், பொருளை விற்றுக்கொடுத்த தரகையும் சேர்த்துப் பெறலாகாது என்று செபி 2020-ல் வரம்பு கட்டியது. ஆனால் உங்கள் எதிரில் அமர்ந்திருப்பவர் ஆலோசகரா, தரகரா என்று நீங்கள் கேட்டாலொழிய அது வெளிப்படுவதில்லை.

இனி, நாம் எதை ஏற்கிறோம் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். தொழில்நுட்ப நிறுவனத்தில் பங்கு முதலாகப் பணம் போடுவது மார்க்கத்துக்கு அந்நியமான செயலன்று. ஒருவர் முதல் போட, மற்றவர் உழைப்பும் அறிவும் போட, இலாபத்தை முன்பே பேசிய விகிதத்தில் பகிர்ந்துகொள்வதையே முளாரபா என்கிறோம். நட்டம் வந்தால் முதல் போட்டவருக்குப் பணம் போகும். உழைத்தவருக்கு உழைப்பு போகும். கதீஜா (ரலி) அவர்களின் முதலைக் கொண்டு நபி (ஸல்) அவர்கள் வணிகப் பயணம் மேற்கொண்டதை நம் பிள்ளைகள் மதரஸாவிலேயே படிக்கிறார்கள். வங்கியில் நிரந்தர வைப்பு வைத்து வட்டி எண்ணிக்கொண்டிருப்பதைவிட, இலாபமோ நட்டமோ சேர்ந்தே ஏற்கத் துணிந்து ஓர் இளைஞனின் முயற்சியில் பங்கு சேர்வது நம் சட்டத்துக்கு எவ்வளவோ நெருக்கமானது.

கொங்கு மண்ணுக்கும் இது புதிதன்று. திருப்பூரின் பின்னலாடைத் தொழிலுக்குத் தொடக்கப்புள்ளியாகச் சொல்லப்படுவது, குலாம் காதர் என்னும் முஸ்லிம் வணிகர் 1925 வாக்கில் தொடங்கிய பேபி நிட்டிங். பின்னாளில் அந்த ஊரைப் பேரூராக வளர்த்தது கூட்டு வணிகம். ஒருவர் பணம் போடுவார். இன்னொருவர் பட்டறையில் நின்று வேலை பார்ப்பார். அவரை ஊரார் 'ஒர்க்கிங் பார்ட்னர்' என்றே அழைத்தார்கள். தறியில் கூலி வேலை பார்த்தவர்கள் பலர் இப்படிப் பங்காளியாகி, பிறகு முதலாளியும் ஆனார்கள். பெயர் தெரியாமலேயே அவர்கள் செய்தது முளாரபாவுக்கும் முஷாரகாவுக்கும் அண்டை வீடு.

ஆனால் திருப்பூரில் பணம் போட்டவருக்குத் தம் பணம் எந்த இயந்திரத்தில் இருக்கிறது, அதில் யார் வேலை செய்கிறார், அவருக்கு என்ன கூலி என்பது தெரிந்திருந்தது. தெரிந்ததனாலேயே எல்லாரும் நேர்மையாக நடந்தார்கள் என்று நாம் சொல்லவில்லை. நொய்யல் ஆறு சாயக்கழிவால் நாசமானது பணம் போட்டவர்களின் கண்முன்னால்தான். ஆயினும் கண்முன் நடந்த தவற்றுக்கு ஒருநாள் பதில் சொல்ல வேண்டி வந்தது. உயர் நீதிமன்றம் 2011-ல் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது, கழிவு யாருடையது என்று எவரும் தேடி அலையவில்லை. பல குடும்ப அலுவலகம் பறித்துக்கொள்வது இந்தத் தொடர்பைத்தான். நமது முதற்குற்றச்சாட்டு இதுவே: பணத்தின் உரிமையாளர் எதற்கும் பதில் சொல்ல வேண்டாத இடத்தில் அமர்த்தப்படுகிறார். அதையே ஒரு வசதியாக அவருக்கு விற்கிறார்கள்.

எங்கெல்லாம் அந்தப் பணம் போயிருக்கிறது என்று பாருங்கள். கடந்த பத்தாண்டுகளில் இந்தியத் துணிகர முதலீடு விரும்பிப் போன துறைகளுள் இரண்டு, பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டும், கைப்பேசிக் கடனும் ஆகும். இணைய ரம்மியில் பணத்தை இழந்து உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் செய்தியைத் தமிழ்நாட்டு நாளிதழ்கள் எத்தனை முறை வெளியிட்டன என்பது நமக்கு நினைவிருக்கிறது. தமிழ்நாட்டு அரசு அதைத் தடுக்கச் சட்டம் இயற்றி, அது 2023-ல் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில், ரம்மியும் போக்கரும் திறன் விளையாட்டுகள் என்று கூறி அவற்றுக்கு அந்தத் தடை பொருந்தாது என்றது சென்னை உயர் நீதிமன்றம். இறுதியில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே பணம் வைத்தாடும் இணைய விளையாட்டை நாடு முழுவதும் தடைசெய்தது. அதுவரை இந்த நிறுவனங்களைத் தூக்கி நிறுத்தியது யாருடைய பணம்? வெளிநாட்டு நிதியங்களின் பணம் பெரும்பகுதி. உள்நாட்டு நிதியங்களின் பணமும் உண்டு. அந்த நிதியங்களுக்குள் இருந்தது யாரோ ஒரு குடும்பத்தின் பணம். சட்டம் தடுத்த பிறகுதான் அது சூது ஆயிற்றா? நம்மைப் பொறுத்தவரை, சட்டம் வருவதற்கு முன்பும் அது சூதுதான்.

கடன் செயலிகளின் கதையும் இதுவே. ஊரடங்குக் காலத்தில் வருமானம் இழந்தவர்கள் ஐந்தாயிரத்துக்கும் பத்தாயிரத்துக்கும் செயலிகளை நாடினர். தவணை தவறியவர்களின் கைப்பேசியில் இருந்த எண்களுக்கெல்லாம் அழைத்து அவமானப்படுத்தும் கொடுமை அப்போது பரவியது. ரிசர்வ் வங்கி 2021-ல் ஒரு பணிக்குழு அமைத்து, 2022 செப்டம்பரில் நெறிமுறைகளை வெளியிட வேண்டியதாயிற்று. எல்லாக் கடன் செயலியும் அப்படி நடந்ததில்லை என்பது உண்மை. ஆனால் ஒழுங்காக நடந்த செயலியும் வட்டியில்தான் நடந்தது.

இரண்டாம் குற்றச்சாட்டு ஒப்பந்த விதிகளைப் பற்றியது. நிறுவனத்தை விற்க நேர்ந்தால் முதலீட்டாளர் தாம் போட்ட முதலை முதலில் எடுத்துக்கொள்வார் என்ற விதி இத்துறையில் வழக்கமானது. இதை நாம் குறை சொல்ல மாட்டோம். முளாரபாவிலும் முதல் திரும்பிய பிறகுதான் இலாபம் என்ற பேச்சே எழும். ஆனால் சில ஒப்பந்தங்கள் அத்தோடு நிற்பதில்லை. போட்டதைப் போல் இரு மடங்கை முதலில் எடுத்துக்கொண்டு, மிச்சத்திலும் பங்கு கேட்கும் விதி உண்டு. குறிப்பிட்ட காலத்துக்குள் பங்குச் சந்தைக்குப் போகாவிட்டால், நிறுவனரே முதலீட்டாளரின் பங்கை நிச்சயித்த இலாபத்தோடு திரும்ப வாங்க வேண்டும் என்ற விதியும் உண்டு. துணிகரக் கடனிலோ, நிறுவனம் நட்டத்தில் ஓடினாலும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். முதல் போட்டவருக்கு நட்டமே கூடாது, உழைத்தவனுக்கு மட்டுமே நட்டம் என்று எழுதிய பின் அதற்குப் பங்கு என்று பெயர் வைத்தாலும், முதலீடு என்று பெயர் வைத்தாலும், உள்ளே இருப்பது கடனும் வட்டியுமே. காகிதத்தின் தலைப்பைப் பார்த்து ஹலால் என்று முடிவு செய்பவர்கள் உள்ளே இருக்கும் பக்கங்களையும் படிக்க வேண்டும்.

மூன்றாம் குற்றச்சாட்டு வெளியேறும் வாசலைப் பற்றியது. இவ்வகை முதலீட்டில் இலாபம் என்பது பெரும்பாலும் நிறுவனம் சம்பாதித்ததிலிருந்து வருவதில்லை. பங்கை அடுத்தவரிடம் அதிக விலைக்கு விற்பதிலிருந்து வருகிறது. அந்தக் கடைசி அடுத்தவர் யார்? பேடிஎம் நிறுவனம் 2021 நவம்பரில் 18,300 கோடி ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டது. அதில் 10,000 கோடி, பழைய பங்குதாரர்கள் தங்கள் பங்கை விற்றது. ஒரு பங்கு 2,150 ரூபாய். சந்தைக்கு வந்த முதல் நாளே 27 விழுக்காடு சரிந்தது. முன்வாசலில் நம்பிக்கையோடு வாங்கியவர்களுள் ஓய்வூதியத்தைப் போட்ட ஆசிரியரும் இருந்திருப்பார், சிறுகடைக்காரரும் இருந்திருப்பார். வாங்குபவர் தெரிந்தே வாங்கினார், அதில் குற்றமென்ன என்று கேட்கலாம். குறையுள்ள பொருளை விற்பவர் குறையைச் சொல்லித்தான் விற்க வேண்டும் என்ற வணிக ஒழுக்கத்தில் வளர்ந்தவர்கள் நாம். ஒரு நிறுவனம் இலாபம் ஈட்டுமா என்பதில் தமக்கே ஐயம் இருக்கையில், அந்த ஐயத்தை அடுத்தவர் தலையில் இறக்கிவிட்டு வெளியேறுவதை இலாபம் என்று கொண்டாட நமக்கு மனம் வரவில்லை.

எல்லாரும் தப்பித்துவிடுகிறார்கள் என்றும் எண்ண வேண்டாம். 2022-ல் 22 பில்லியன் டாலர் மதிப்பு எனப் பேசப்பட்ட பைஜூஸ், 2024 ஜூலையில் நொடிப்புத் தீர்வு நடவடிக்கைக்குள் போனது. பெரும் முதலீட்டாளரான புரோசஸ் தன் பங்கின் மதிப்பைச் சுழியம் என எழுதிக்கொண்டது. பாடம் படிக்கும் குழந்தைகளின் பெற்றோருக்குக் கடன் வாங்கிக் கொடுத்தாவது பாடத்தொகுப்பை விற்கும் அளவுக்கு அங்கே விற்பனை நெருக்கடி இருந்தது என்று செய்திகள் வந்தன. வளர்ச்சி வேண்டும், இன்னும் வேகமாக வேண்டும் என்று கேட்ட பணம்தான் அந்த நெருக்கடியின் ஊற்று.

நம் எதிர்ப்பாளர்கள் சொல்வதையும் கேட்போம். "நிபுணர்களை நம்பாமல் யாரை நம்புவது? பழையபடி சொந்தக்காரரையும் தெரிந்தவரையும் நம்பியா?" என்பார்கள். இது வலுவான கேள்வி. கொங்கு நாட்டாருக்கு இதன் வலி தெரியும். திருப்பூரில் 2009-ல் வெடித்த பாசி அந்நியச் செலாவணி மோசடியில் பல்லாயிரம் பேர் பணம் இழந்தனர். கோவை நீதிமன்றம் தீர்ப்பளிக்க 2022 ஆகிவிட்டது. 2012-ல் பெருந்துறையில் ஈமு கோழி வளர்ப்பின் பெயரால் நடந்தது என்ன என்பதை இங்கே சிறுவர்களும் அறிவர். அந்தக் கோழிகளை விவசாயிகள் கண்ணால் பார்த்துத்தான் ஏமாந்தார்கள். ஆகவே, கண்ணால் பார்த்தால் போதும் என்று நாம் வாதிடவில்லை.

நம் சமுதாயத்தின் புண்ணையும் மறைக்கலாகாது. பெங்களூருவில் ஐ மானிட்டரி அட்வைசரி என்னும் நிறுவனம் 'ஹலால் முதலீடு' என்ற பெயரில் முஸ்லிம் குடும்பங்களின் சேமிப்பைத் திரட்டி 2019 ஜூனில் கவிழ்ந்தது. மகளின் திருமணத்துக்கும் ஹஜ்ஜுக்கும் சேர்த்து வைத்த பணம் போயிற்று. தாடியும் தொப்பியும் ஹலால் என்ற சொல்லும் தணிக்கைக் கணக்குக்கு ஈடாகா என்பதை அது நமக்குக் கற்பித்தது. எனவே நிபுணர் வேண்டும், ஒழுங்குமுறை வேண்டும், கணக்கு வேண்டும். அவற்றை மறுப்பவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. நாம் மறுப்பது ஒன்றைத்தான். நிபுணரை நியமித்ததும் உரிமையாளரின் கடமை முடிந்துவிட்டது என்னும் எண்ணத்தையே நாம் மறுக்கிறோம். செல்வம் நம்மிடம் உள்ள அமானிதம். அதை எப்படி ஈட்டினாய், எதில் செலவிட்டாய் என்ற கேள்வி மறுமையில் உரிமையாளரிடம் கேட்கப்படும். அவருடைய ஆலோசகரிடம் கேட்கப்படாது.

"இவ்வளவு பார்த்தால் எந்த நிதியத்திலும் சேர முடியாது; ஒருவருக்காக நிதியம் தன் முதலீட்டை மாற்றுமா?" என்பது அடுத்த வாதம். இது உண்மைக்கு மாறானது. ஒரு குறிப்பிட்ட முதலீட்டிலிருந்து மட்டும் ஒரு முதலீட்டாளரை விலக்கிவைக்க மாற்று முதலீட்டு நிதியங்களுக்கு இடமளித்து, செபி 2023 ஏப்ரலில் சுற்றறிக்கையே வெளியிட்டிருக்கிறது. தம் உள் கொள்கைக்கு மாறான முதலீடுகள் எவை என்று சேரும்போதே ஒப்பந்தத்தில் பதிவு செய்தவர், அத்தகைய முதலீடு வரும்போது தம் பணம் அதில் சேராமல் விலக்குப் பெறலாம். சூது, வட்டிக் கடன், மது ஆகியவற்றில் என் பணம் சேரலாகாது என்று எழுதிக் கேட்க ஒரு பக்கம் போதும். விருந்தில் நாம் சந்தித்த பெரியவரிடம் அப்படி ஒரு பக்கம் இருக்கிறது என்று எவரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

பட்டியலிட்ட பங்குகளுக்கேனும் வழி இருக்கிறது. டாடா எத்திகல் ஃபண்ட் போல, வட்டி சார்ந்த தொழிலையும் மிகுந்த கடன் சுமையுள்ள நிறுவனத்தையும் வடிகட்டும் பரஸ்பர நிதிகள் நம் நாட்டில் பல ஆண்டுகளாக உள்ளன. சந்தைக்கு வராத புத்தொழில் நிறுவனங்களுக்கு அப்படி வடிகட்டித் தருபவர் அரிது. அங்கே உரிமையாளரே கேட்க வேண்டும்.

இந்தப் பேச்சில் முஸ்லிம்கள் மட்டுமே கற்க வேண்டியதும் இல்லை. முஸ்லிம்களிடமிருந்து மட்டுமே கற்க வேண்டியதும் இல்லை. கோவையில் பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு புதல்வர்கள் 1926-ல் குடும்பச் சொத்தைப் பிரித்தபோது ஐந்து பங்காகப் பிரித்தார்கள். நால்வருக்கு நான்கு; ஐந்தாவது பங்கு அறத்துக்கு. அந்த ஐந்தாம் பங்கிலிருந்து பி.எஸ்.ஜி. அறக்கட்டளை எழுந்தது. அதன் பொறியியல் கல்லூரி 1951-ல் பிறந்தது. மோட்டாரும் பம்பும் நூற்பு இயந்திரமும் செய்யும் ஊராகக் கோவை வளர, அங்கே படித்தவர்கள் எத்தனை பேர் தோள் கொடுத்தார்கள் என்பதை ஊர் அறியும். புத்தொழில்களை வளர்க்கும் பி.எஸ்.ஜி. ஸ்டெப் மையமும் 1998-ல் அந்த வளாகத்தில்தான் தொடங்கியது. குடும்பச் செல்வத்தைத் தொழில்நுட்பத்தில் முதலீடு செய்வது எப்படி என்று கேட்பவருக்கு, கட்டண விழுக்காடும் வெளியேறும் வாசலும் இல்லாத ஒரு விடை நூறாண்டுக்கு முன்பே இந்த ஊரில் எழுதப்பட்டிருக்கிறது.

பணத்தைக் குவித்தால்தான் தொழில்நுட்பம் வளரும் என்பதும் முழு உண்மையன்று. சரவணகுமார் 2011-ல் தொடங்கிய கோவை.கோ நிறுவனம் வெளி முதலீட்டை நாடாமலேயே வளர்ந்தது. 2025 தொடக்கத்தில் 140-க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு ஏறத்தாழ 14.5 கோடி ரூபாயை ஊக்கத்தொகையாக அறிவித்தது. ஈட்டியதிலிருந்து பகிர்வதற்கும், அடுத்தவருக்கு விற்றதைப் பகிர்வதற்கும் உள்ள வேறுபாடு இதில் தெரிகிறது. எல்லாத் தொழிலும் இப்படித் தன் காலிலேயே நின்று வளர முடியாது. மருத்துவக் கருவி செய்பவனுக்கும் மின்கலம் ஆராய்பவளுக்கும் பொறுமையான முதல் வேண்டும். அந்தப் பொறுமையான முதலைத்தான் நம் குடும்பங்கள் தர முடியும், தர வேண்டும் என்கிறோம்.

ஆகவே, வசதி படைத்த நம் குடும்பங்களிடம் நாம் கேட்பது நான்கு.

ஒன்று: ஒப்படைக்கும் நாளிலேயே விலக்கு வேண்டும் துறைகளை எழுத்தில் கொடுங்கள், கையொப்பம் பெற்ற படியை வீட்டில் வையுங்கள். மார்க்கச் சட்டமும் கணக்கும் அறிந்த ஆலிம் ஒருவரிடம் ஒப்பந்தத்தைக் காட்டுங்கள். கணக்கறியாத ஆலிமிடமும், மார்க்கமறியாத கணக்கரிடமும் பாதி விடைதான் கிடைக்கும்.

இரண்டு: உங்கள் ஆலோசகர் எந்தெந்த வழியில் எவ்வளவு பெறுகிறார் என்று கேளுங்கள். வாய்ச்சொல்லாக வேண்டாம், ஆண்டுக்கொரு முறை தாளில் கேளுங்கள். கேட்பது அவமரியாதை என்று நினைக்கும் ஆலோசகர் உங்களுக்கு வேண்டாதவர்.

மூன்று: உங்கள் பணம் எந்த நிறுவனத்தில் இருக்கிறது, அது என்ன விற்கிறது, யாரிடம் விற்கிறது என்பதை ஆண்டுக்கொரு முறை பிள்ளைகளோடு அமர்ந்து வாசியுங்கள். ஜகாத் கணக்குப் பார்க்கும் நாளே அதற்கு ஏற்ற நாள். உங்களுக்குப் பின் அந்தப் பணத்தை ஆளப்போகிறவர்கள் அவர்களே.

நான்கு: நிதியத்துக்கு உறுதியளிக்கும் தொகையில் ஒரு பகுதியேனும் நம் ஊரில் தங்கட்டும். உக்கடத்திலும் கரும்புக்கடையிலும் பொறியியல் படித்துவிட்டு, ஒரு யோசனையைக் கையில் வைத்துக்கொண்டு, வட்டிக் கடன் வாங்க மனமில்லாமல் அதைக் கைவிட்டு வளைகுடாவுக்கு விமானம் ஏறும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களோடு முஷாரகாவாகச் சேருங்கள். அவர்கள் முஸ்லிமாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை; நேர்மையான தொழிலாக இருந்தால் போதும். நட்டம் வந்தால் உங்கள் பங்குக்கு உங்களுக்கும் நட்டம் வரட்டும். அதற்குத் துணிந்தால்தான் இலாபம் ஹலால் ஆகிறது.

செல்வம் செல்வந்தர்களுக்கிடையிலேயே சுற்றிக்கொண்டிருப்பதை நம் மார்க்கம் விரும்பவில்லை. ஒரு நகரத்துச் செல்வர்களின் பணம் மற்றொரு நகரத்துச் செல்வர்களின் நிதியத்துக்குப் போய், அவர்களே நிறுவிய நிறுவனத்தைத் தொட்டு, மீண்டும் அதே குடும்பங்களுக்குத் திரும்புவது எவ்வளவு நேர்த்தியான ஏற்பாடாக இருந்தாலும் அந்த வட்டத்துக்கு வெளியே நிற்பவனுக்கு அதில் கிடைப்பது கடன் செயலி மட்டும்தான் என்றால், அந்த நேர்த்தியை நாம் மெச்ச இயலாது.

அந்தப் பெரியவர் சென்ற வாரம் ஜும்ஆவுக்குப் பிறகு நம்மைச் சந்தித்தார். அந்தக் கடன் செயலியிலிருந்து தம் பங்கை எடுக்கக் கேட்டிருக்கிறார். நிதியத்தின் காலம் முடியும்வரை இயலாது என்று பதில் வந்திருக்கிறது. இன்னும் ஆறு ஆண்டுகள். அதிலிருந்து வரும் இலாபத்தைத் தொட மாட்டேன் என்று முடிவு செய்திருக்கிறார். மகனை இப்போது ஒப்பந்தத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்கச் சொல்லியிருக்கிறாராம். கையொப்பமிடும் முன்பே அதைப் படிக்கும் வாய்ப்பு நம்மில் பலருக்கு இன்னும் இருக்கிறது. அல்லாஹ் நம் செல்வங்களில் பரக்கத் செய்வானாக.